நகத்தின் உடற்கூறு: நர்சிங் மாணவர்கள் சொந்த விரலை வைத்தே படிக்க ஒரு வழிகாட்டி

உடற்கூறியல் புத்தகத்தில் தோல் பாடத்தின் கடைசியில், முடியும் வியர்வைச் சுரப்பியும் முடிந்தபிறகு, நகத்துக்கு அரைப் பக்கம் கிடைக்கும். ஒரு படம், ஏழெட்டுப் பெயர்கள், அவ்வளவுதான். பரீட்சைக்கு முன்தினம் மனப்பாடம் செய்து வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் ஒப்பித்துவிட்டு அதோடு மறந்துவிடுகிற பகுதி இது. ஆனால் வார்டுக்குள் போனதும் நிலைமை வேறு. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டுவது நகத்தின் மேல், விரல் நுனிக்கு ரத்தம் போகிறதா என்று அழுத்திப் பார்ப்பது நகத்தில், நீலம் பாரித்திருக்கிறதா என்று தேடுவதும் அங்கேதான். ஒரு நாளில் இத்தனை முறை பார்க்கிற உறுப்பை அரைப் பக்கத்தோடு விட்டுவிடக் கூடாது.

நான் சொல்லவருவது ஒன்றுதான்: நோய்ப் பெயர்களிலிருந்து தொடங்காதீர்கள். நகத்தின் எந்தப் பகுதி எதை உருவாக்குகிறது, எது எதோடு ஒட்டியிருக்கிறது என்பது முதலில் பிடிபடட்டும். அப்புறம் பார்த்தால், பட்டியலாகப் படித்து மறந்துபோகிற அறிகுறிகளில் பாதிக்கு மேல் தாமாகவே விளங்கிவிடும்.

தேவையானவை: நல்ல வெளிச்சம், பாலிஷ் போடாத உங்கள் கட்டைவிரல், ஒரு சின்ன ஸ்கேல்.

முதலில் வெளியே தெரிவதைப் பாருங்கள்

கட்டைவிரலைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவாருங்கள். கடினமாக, பளபளப்பாக இருக்கும் பகுதிதான் நகத்தகடு. நாம் பேச்சில் நகம் என்று சொல்வது இதைத்தான், ஆனால் நகம் என்கிற அமைப்பில் இது ஒரு பகுதி மட்டுமே. இறந்துபோன, தட்டையான செல்கள் அடுக்கடுக்காக அழுந்தி உருவான தகடு இது. கெரட்டின் என்கிற புரதமும், அந்தப் புரத இழைகளைக் கட்டிப்போடும் கந்தகப் பிணைப்புகளும்தான் அதற்குக் கடினத்தன்மையைத் தருகின்றன. கால்சியத்தால்தான் நகம் கெட்டியாகிறது என்று பலர் நினைக்கிறார்கள், நோயாளிகளும் கேட்பார்கள். நகத்தில் கால்சியம் இருக்கிறது, ஆனால் மிகக் குறைந்த அளவில். கெட்டித்தன்மைக்கு அது காரணமில்லை.

தகட்டுக்கு நிறம் கிடையாது, கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி ஒளியை உள்ளே விடும். நீங்கள் பார்க்கிற இளஞ்சிவப்பு அதன் அடியில் ஓடும் ரத்தத்தின் நிறம். நுனியில் தகடு சதையை விட்டுப் பிரிகிற இடத்தில், அடியில் காற்று இருப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. அடிப்பக்கத்தில் அரைவட்டமாக வெளுத்திருப்பது லூனுலா என்கிற பிறை. கட்டைவிரலில் நன்றாகத் தெரியும், சுண்டுவிரலில் பலருக்குத் தெரியவே தெரியாது. அப்படித் தெரியாமல் இருப்பதை மட்டும் வைத்து நோய் என்று முடிவு செய்யாதீர்கள்.

தகட்டின் இரண்டு பக்கமும் தோல் மேலே ஏறி அணைத்துக்கொண்டிருக்கிறது, இவை பக்கவாட்டு நக மடிப்புகள். அடிப்பக்கத்தில் தகட்டை மூடிக்கொண்டிருப்பது பின் நக மடிப்பு. அந்த மடிப்பின் விளிம்பிலிருந்து மெல்லிய இறந்த தோல் தகட்டின்மேல் ஒட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் வருகிறதே, அதுதான் க்யூட்டிகிள். எபோனிகியம் என்ற பெயரையும் பார்ப்பீர்கள். சில புத்தகங்கள் இரண்டையும் ஒன்றாகவே சொல்கின்றன, சில புத்தகங்கள் உயிருள்ள தோலுக்கு எபோனிகியம், அதிலிருந்து வரும் இறந்த படலத்துக்கு க்யூட்டிகிள் என்று பிரிக்கின்றன. உங்கள் பாடப்புத்தகம் எப்படிச் சொல்கிறதோ அப்படியே பரீட்சையில் எழுதிவிடுங்கள்.

கையைத் திருப்பி நுனியைப் பாருங்கள். தகட்டுக்குக் கீழே, நகம் சதையை விட்டு விலகும் இடத்தில் ஒரு தோல் விளிம்பு இருக்கிறது. அது ஹைபோனிகியம். நகத்தை ஒட்ட வெட்டும்போது சுரீர் என்று வலிக்கிற இடம்.

இப்போது கண்ணுக்குத் தெரியாதது

பின் நக மடிப்புக்கு அடியில், தோலுக்குள் புதைந்து இருப்பது மேட்ரிக்ஸ். நகத்தகட்டை உற்பத்தி செய்வது இதுதான். இங்கே செல்கள் ஓயாமல் பிரிந்து, தட்டையாகி, உட்கருவை இழந்து, கெரட்டினால் நிரம்பி, பின்னால் வரும் புதிய செல்களால் முன்னே தள்ளப்படுகின்றன. மேட்ரிக்ஸின் முன்பகுதி மட்டும் மடிப்பைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கிறது, அதுதான் நாம் பார்த்த பிறை. அங்கே செல் அடுக்கு தடித்திருப்பதால் அடியிலுள்ள ரத்தக் குழாய்கள் மறைந்து வெளுப்பாகத் தெரிகிறது.

இதில் ஒரு விஷயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பின்னால் வருகிற பல அறிகுறிகள் இதிலிருந்துதான் கிளம்புகின்றன. மேட்ரிக்ஸின் பின்பகுதி, அதாவது ஆழத்தில் இருப்பது, தகட்டின் மேல் அடுக்கை உருவாக்குகிறது. முன்பகுதி, அதாவது பிறையின் பக்கம் இருப்பது, தகட்டின் கீழ் அடுக்கை உருவாக்குகிறது. சோரியாசிஸ் என்கிற தோல் நோய் உள்ளவரின் நகத்தின் மேற்பரப்பில் பொடிப்பொடியாகக் குழிகள் இருக்கும். மேற்பரப்பில் கோளாறு என்றால் பாதிக்கப்பட்டது மேட்ரிக்ஸின் பின்பகுதி என்று அர்த்தம். இன்னொன்று, விரலின் கடைசி மூட்டை நீட்டும் தசைநாண் வந்து ஒட்டுவதும் நகத்தின் வேருக்கு மிக அருகில்தான். அதனால் நகத்தில் சோரியாசிஸ் இருப்பவரிடம் விரல் மூட்டு வலிக்கிறதா, காலையில் விறைப்பாக இருக்கிறதா என்று கேட்பது வீண் கேள்வி அல்ல.

மேட்ரிக்ஸ் பாதுகாப்பாக இருந்தால் நகம் பிய்ந்து போனாலும் திரும்ப முளைக்கும். மேட்ரிக்ஸில் தழும்பு விழுந்துவிட்டால் முளைக்கிற நகம் பிளந்தோ கோணலாகவோதான் வரும், சில சமயம் வரவே வராது. விரல் நசுங்கி வருகிற குழந்தையின் அம்மா கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "நகம் மறுபடி வருமா?" என்பதுதான். நல்ல பதில் மேட்ரிக்ஸின் நிலையைப் பொறுத்தது, அதை மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை நீங்கள் எந்த உறுதியும் கொடுக்காதீர்கள்.

தகட்டின் கீழே படுத்திருப்பது

பிறை முடிகிற இடத்திலிருந்து ஹைபோனிகியம் வரை தகட்டுக்கு அடியில் இருப்பது நகப்படுக்கை. இதன் மேற்பரப்பில் நீளவாக்கில் மெல்லிய வரப்புகள் இருக்கின்றன. தகட்டின் அடியிலும் அதற்கேற்ற பள்ளங்கள் இருப்பதால் இரண்டும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. நகம் அவ்வளவு எளிதில் பிடுங்க வராததற்குக் காரணம் இதுதான். நுண்ணிய ரத்தக் குழாய்களும் இந்த வரப்புகளின் போக்கிலேயே நீளவாக்கில் ஓடுகின்றன. ஆகவே அவற்றில் ஒன்று உடைந்து ரத்தம் கசிந்தால் அது வட்டமாகப் பரவாமல், சிராய் குத்தியது போல மெல்லிய செங்குத்துக் கோடாகத் தெரியும். ஸ்ப்லின்டர் ஹெமரேஜ் என்று படிப்பீர்கள். பெரும்பாலும் சின்ன அடிபட்டு வருவதுதான், நுனிப் பக்கம் இருக்கும். ஆனால் காய்ச்சலோடு இருக்கும் நோயாளிக்குப் பல விரல்களில், அதுவும் நகத்தின் அடிப்பக்கம் அப்படிக் கோடுகள் இருந்தால் இதய உள்ளுறை அழற்சியாக இருக்கலாம், உடனே சொல்ல வேண்டும்.

அடுத்து, நகப்படுக்கைக்கும் எலும்புக்கும் இடையில் கொழுப்பு அடுக்கு கிடையாது. உடம்பின் பெரும்பாலான இடங்களில் தோலுக்கு அடியில் ஒரு மெத்தை இருக்கும், இங்கே டெர்மிஸ், அதாவது தோலின் உள் அடுக்கு, நேராக விரல் எலும்பின் மேலுறையோடு ஒட்டியிருக்கிறது. கதவில் விரல் சிக்கி நகத்தடியில் ரத்தம் கட்டினால் ஏன் அப்படி விண்விண் என்று தெறிக்கிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது: மேலே கெட்டியான தகடு, கீழே எலும்பு, நடுவில் நரம்புகள் நிறைந்த ஒரு சின்ன இடம், ரத்தம் விரிய வழியே இல்லை. தகட்டில் துளை போட்டு ரத்தத்தை வெளியே விட்டதும் வலி சட்டென்று குறைவதும் அதனால்தான். நகப்படுக்கை கிழிந்து, கீழே எலும்பும் முறிந்திருந்தால் அது திறந்த முறிவு, அதாவது காயம் வழியே வெளியோடு தொடர்புள்ள எலும்பு முறிவு, சாதாரண விரல் காயமாக நினைத்துக் கட்டுப்போட்டு அனுப்பக் கூடாது. கிருமி எலும்புக்குப் போக அதிக தூரம் இல்லை.

இரண்டு அடைப்புகள்

பின்னால் க்யூட்டிகிள், முன்னால் ஹைபோனிகியம். இரண்டின் வேலையும் ஒன்று, தண்ணீரும் கிருமியும் தகட்டுக்கு அடியில் புகாமல் தடுப்பது. க்யூட்டிகிளை அழகுக்காக வெட்டி எடுப்பதும், நகத்தோரத் தோலைக் கடித்து இழுப்பதும் பின் அடைப்பைத் திறந்துவிடுகிற வேலை. அதன் விளைவு பாரோனிக்கியா, பேச்சுவழக்கில் நகச்சுற்று: மடிப்பு சிவந்து, வீங்கி, சீழ் வைத்து, தொட்டாலே வலிக்கும். திடீரென வருவதில் பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி இருக்கும். வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டிருப்பது கை எப்போதும் ஈரத்தில் இருப்பவர்களுக்கு வருவது. நாள் முழுக்கக் கை கழுவும் நம் தொழிலிலும் அது வரும். கழுவியபின் மடிப்புகளையும் சேர்த்து நன்றாகத் துடைத்து உலர விடுங்கள், மாய்ஸ்சரைசர் போடும்போது அங்கேயும் தடவுங்கள்.

முன் அடைப்பு போனால் தகடு படுக்கையை விட்டுப் பிரிய ஆரம்பிக்கும், அந்த இடைவெளியில் ஈரம் தங்கும். அங்கே சூடோமோனாஸ் என்கிற பாக்டீரியா வளர்ந்தால் நகம் பச்சையாகத் தெரியும். இதனால்தான் நோயாளியின் நகத்தடி அழுக்கைக் கூர்மையான எதையும் விட்டுத் தோண்டாதீர்கள் என்று சொல்லித்தருகிறார்கள்.

நகத்தில் நாள் கணக்கு

கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது, கால்விரல் நகம் சுமார் 1 மில்லிமீட்டர். அதாவது கைவிரல் நகம் முழுவதும் புதிதாக மாற ஏறக்குறைய 6 மாதம், கால் கட்டைவிரலுக்கு 12 முதல் 18 மாதம். நடுவிரலில் வேகம் அதிகம், வயதானால் குறையும், கர்ப்ப காலத்தில் கூடும். கால் நகத்தில் பூஞ்சைத் தொற்றுக்கு மாத்திரை சாப்பிடுபவர், "இரண்டு மாதம் ஆச்சு, நகம் அப்படியே இருக்கே" என்று மனம் சலித்துக் கேட்பார். மருந்து வேலை செய்தாலும் கெட்டுப்போன பழைய தகடு வளர்ந்து வெளியேற வேண்டும், அதற்கு ஒரு வருடம்கூட ஆகலாம் என்று முதலிலேயே சொல்லிவைத்தால் பாதியில் நிறுத்த மாட்டார். இறந்தபிறகும் நகம் வளரும் என்று சொல்வது உண்மையல்ல. தோல் உலர்ந்து பின்வாங்குவதால் நகம் நீண்ட மாதிரி தெரிகிறது, அவ்வளவே.

இந்த 3 மில்லிமீட்டர் கணக்கு கையில் இருந்தால் நகத்தைப் பார்த்துப் பழைய நோயின் காலத்தைக்கூட ஊகிக்கலாம். கடுமையான காய்ச்சல், பெரிய அறுவை சிகிச்சை, கீமோதெரபி போன்றவை வரும்போது மேட்ரிக்ஸ் கொஞ்ச நாள் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். அந்த நாட்களில் உருவான பகுதி மெலிந்து, குறுக்குவாட்டில் ஒரு பள்ளமாகத் தங்கிவிடும். இதை 1846இல் விவரித்த பிரெஞ்சு மருத்துவர் பூ (Beau) என்பவரின் பெயரால் பூ கோடு (Beau's line) என்கிறோம். ஸ்கேலை எடுத்து மடிப்பிலிருந்து பள்ளம் வரை அளந்து பாருங்கள். 6 மில்லிமீட்டர் என்றால் சுமார் இரண்டு மாதம், அதோடு மடிப்புக்கு அடியிலிருந்து வெளியே வர எடுத்த சில வாரங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு விரலில் மட்டும் இருந்தால் அந்த விரலில் அடிபட்டிருக்கலாம். எல்லா விரல்களிலும் ஒரே உயரத்தில் இருந்தால் உடம்பு முழுவதையும் பாதித்த ஏதோ ஒன்று நடந்திருக்கிறது.

பிறந்த குழந்தையிடமும் நகம் பேசும். கருவில் கைவிரல் நகம் நுனியை எட்டுவது ஏறக்குறைய 32 வாரத்தில், கால் நகம் 36 வாரத்தில். நகம் இன்னும் நுனியைத் தொடாத குழந்தை குறைமாதமாக இருக்கலாம், நுனியைத் தாண்டி நீண்டிருந்தால் நாள் கடந்து பிறந்திருக்கலாம். பிறந்த முதல் ஓரிரு நாள் கை கால் மட்டும் நீலமாக இருப்பது வழக்கமான ஒன்று, ஆனால் நாக்கும் உதடும் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்தபிறகே நிம்மதி அடையுங்கள்.

அழுத்திப் பாருங்கள்

உங்கள் கையை இதய மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, நகத்தை 5 விநாடி அழுத்துங்கள். வெளுத்துவிடும். விட்டதும் சிவப்பு திரும்ப எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். ஆரோக்கியமான பெரியவருக்கு 2 விநாடிக்குள் வந்துவிடும். இதுதான் கேபிலரி ரீஃபில். குளிர்ந்த அறை, குளிர்ந்த கை, முதிய வயது, இவற்றில் கொஞ்சம் தாமதமாகலாம், ஆகவே ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு பதறாமல் நாடி, ரத்த அழுத்தம், தோலின் சூடு எல்லாவற்றோடும் சேர்த்துப் பாருங்கள். கையிலோ காலிலோ மாவுக்கட்டு போட்டிருந்தால் வெளியே தெரியும் விரல் நகங்கள்தான் உங்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டும் ஜன்னல். இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள், கட்டுள்ள பக்கம் மட்டும் தாமதம் என்றால் காத்திருக்காமல் சொல்லுங்கள்.

ஆக்சிமீட்டர் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் நுனி வழியே அனுப்பி, மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று அளக்கிறது. அடர் நிறப் பாலிஷ், முக்கியமாகக் கருப்பு, நீலம், பச்சை, இடையில் நின்று அளவைக் கெடுக்கக்கூடும். அழித்துவிடுங்கள், முடியாவிட்டால் வேறு இடத்தில் மாட்டுங்கள். கருத்த தோல் உள்ளவர்களிடம் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டுவதுண்டு. எண் நன்றாக இருந்தும் மூச்சு சிரமமாக இருந்தால் நோயாளியை நம்புங்கள்.

பக்கவாட்டில் பாருங்கள்

விரலைக் கிடைமட்டமாக வைத்துப் பக்கத்திலிருந்து பார்த்தால், மடிப்பும் தகடும் சந்திக்கும் இடத்தில் சின்னதாக ஒரு கோணம் தெரியும். இயல்பில் அது சுமார் 160 டிகிரி. நகப்படுக்கையின் திசு பெருத்துத் தகட்டைத் தூக்கும்போது இந்தக் கோணம் 180ஐத் தாண்டும், அதுதான் கிளப்பிங். ஆரம்பத்தில் கோணம் மாறுவதற்கு முன்பே நகத்தின் அடிப்பக்கத்தை அழுத்தினால் பஞ்சு போல அமுங்கும். எளிய சோதனை ஒன்று இருக்கிறது: இரண்டு கையின் ஒரே விரல்களை நகத்தோடு நகம் ஒட்டி வைத்துப் பாருங்கள், நடுவில் வைர வடிவில் ஒரு சின்ன இடைவெளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கிளப்பிங் இருக்கலாம். தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் லியோ ஷாம்ரோத் தன் சொந்த விரல்களில் கவனித்து 1976இல் எழுதியது இது. நுரையீரல் புற்றுநோய், மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்துபோகும் பிராங்கியெக்டேசிஸ், பிறவி இதயக் கோளாறு, கல்லீரல் சுருக்கம் எனக் காரணங்கள் பல. சிஓபிடி என்கிற நாள்பட்ட மூச்சடைப்பு நுரையீரல் நோய் மட்டும் இருந்தால் பொதுவாகக் கிளப்பிங் வராது. ஆகவே அந்த நோயாளிக்குக் கிளப்பிங் தெரிந்தால் வேறு ஏதோ இருக்கிறதா என்று தேட வேண்டும்.

அதே பக்கவாட்டுப் பார்வையில் தகடு நடுவில் குழிந்து கரண்டி போல இருந்தால் கொய்லோனிக்கியா, பெரியவர்களிடம் இரும்புச்சத்துக் குறைவை நினையுங்கள். சின்னக் குழந்தைகளின் கால் நகம் அப்படி இருப்பது பெரும்பாலும் இயல்பு.

நிறம் மாறியிருந்தால்

இரண்டு கேள்வி கேளுங்கள். மாற்றம் தகட்டிலா, படுக்கையிலா? வளர்ச்சியோடு சேர்ந்து முன்னே நகர்கிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா? அழுத்தினால் மறைகிற வெள்ளைப் பட்டை படுக்கையில் இருக்கிறது. ரத்தத்தில் ஆல்புமின் என்கிற புரதம் குறைந்தவர்களிடம் இரட்டைப் பட்டைகளாக வரும் மியூர்க்கி கோடுகள் இப்படித்தான், மறையவும் செய்யும், நகரவும் நகராது. ஆர்சனிக் நச்சில் வரும் மீஸ் கோடு தகட்டிலேயே இருப்பதால் அழுத்தினாலும் போகாது, வளர வளர நுனிக்கு நகரும். சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் மேட்ரிக்ஸில் லேசாக இடித்துக்கொண்டதன் அடையாளம், அதற்காகக் கால்சியம் மாத்திரை தேவையில்லை.

நீளவாக்கில் பழுப்பு அல்லது கருப்புக் கோடு, மேட்ரிக்ஸில் உள்ள நிறமிச் செல்களிலிருந்து வருவது. கருத்த தோல் உள்ளவர்களுக்குப் பல விரல்களில் இருப்பது சகஜம். ஒரே விரலில் புதிதாக வந்து, அகலமாகிக்கொண்டே போய், நிறம் பக்கத்துத் தோலிலும் பரவினால் மெலனோமா என்கிற நிறமிச் செல் புற்றுநோயாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் நகம், நோயாளியின் நகம்

உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டுக் கை சுகாதார வழிகாட்டல், நோயாளியைத் தொடுபவர்கள் செயற்கை நகம் வைக்கக் கூடாது, சொந்த நகத்தின் நுனி 0.5 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது. கையில் கிருமிகள் அதிகம் தங்கும் இடம் நகத்தடி என்பதால் இந்த விதியில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை. நோயாளியின் கால் நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தை வளைத்து ஆழமாக வெட்டினால் தகட்டின் முனை மடிப்புக்குள் குத்தி வளரும். சர்க்கரை நோயாளிக்கு உணர்ச்சி குறைந்திருக்கும், வெட்டுப்பட்டாலும் தெரியாது. அவருடைய நகத்தைத் தொடுவதற்கு முன் உங்கள் மருத்துவமனையில் அதற்கு என்ன விதி என்று சீனியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பதிவு. "நகம் இயல்பாக இல்லை" என்று எழுதினால் அடுத்த ஷிஃப்டுக்கு ஒன்றும் புரியாது. எந்தக் கை, எந்த விரல், தகட்டிலா படுக்கையிலா மடிப்பிலா, நிறம், அளவு, வலி உண்டா, எப்போதிலிருந்து என்று எழுதுங்கள். உதாரணமாக: "வலது கை ஆள்காட்டி விரல், பின் நக மடிப்பு சிவந்து வீங்கியுள்ளது, தொட்டால் வலி, சீழ் தெரியவில்லை, இரண்டு நாளாக உள்ளதாகச் சொல்கிறார், கேபிலரி ரீஃபில் 2 விநாடிக்குள், மருத்துவரிடம் தெரிவிக்கப்பட்டது."